உன் காதுக்குப் பின்னால் நான் வைத்த பொட்டு

பாபு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று நான் படித்த அஞ்சாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். நான் கேட்கப் போவதில்லை. நீ நலமா இல்லையா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் உனக்கே தெரிகிறது. அது முதலில் பட்டாபிராமில் உங்களோடு இருக்கும் உன் மாமியாருக்குத் தெரிந்து, பிறகு உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவின் தம்பி தங்கைகளுக்கெல்லாம் தெரிந்து, அம்பத்தூரில் இருக்கும் எனக்கு வந்து சேருவதற்குள் அடுப்பில் வைத்த பால் திரிந்துவிடுகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு வேலை வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை உன் தலைமயிரை வகிர்ந்து பார்த்து, காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் தடவிப் பார்க்கிறார்களே, அந்த வேலை. இப்போது அதை உன் மாமியார் செய்கிறாள். அது எனக்கு வேண்டும். போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் பாதி பேசுவதற்குள் "சரிம்மா, வெச்சிடட்டா?" என்பாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த இடம் என்னுடையது என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது கண்ணேறு படாமல் இருக்க உன் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தேன். உன் அப்பாவைப் பெற்றவள் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஆம்பளப் புள்ளைக்குக் கன்னத்துல இன்னாத்துக்குடி மையி? கூத்துல ஆடப் போறானா அவன்?" என்று சொல்லித் தன் முந்தானையால் அதைத் துடைத்து எடுத்தாள். துடைத்த வேகத்தில் உன் கன்னம் சிவந்துபோனது. அந்தச் சிவப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவள் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று, நான் அவளை மன்னிக்கவில்லை. மறுநாளிலிருந்து யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து வைத்தேன். வலது காதுக்குப் பின்னால், மயிர் ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று உள்ளே. பள்ளிக்கூடம் சேர்க்கிற வரைக்கும் தினமும் வைத்தேன். உன் உடம்பில் வேறு எந்த இடத்தை மறந்தாலும் அந்த இடத்தை என் விரல் மறக்காது.

அதனால்தான் அந்தத் தீபாவளிக்கு, விடிகாலையில் உன்னை மணையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்தபோது, விரல் தானாக அங்கே போனது. போன இடத்தில் ஏதோ நிரடியது. ஊறின கடுகு மாதிரி. எனக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. குனிந்து பார்த்தால் கருப்பாக ஒரு மங்கல், அவ்வளவுதான்.

"இன்னா நைனா இது, பின்னாடி கருப்பா கீது?" என்று கேட்டேன்.

"ஹெல்மெட் ஒரசுதும்மா."

"ஒரசினா செவக்கும். கருக்குமா?"

"அப்போ நீ வெச்ச மைதான். கம்பெனி மையி, இன்னும் போவல" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் வைத்ததை நீ நினைவில் வைத்திருக்கிறாயே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சிரிப்புக்கு நான் பின்னால் எவ்வளவு அழுதேன் என்பதை உனக்குச் சொல்லப் போவதில்லை. ஆனால் பொங்கலுக்கு வந்தபோது மறுபடியும் தொட்டுப் பார்த்தேனா இல்லையா? "டேய், பெருசாயிருக்குடா, ஒரு எட்டு டாக்டராண்ட காட்டிட்டு வா" என்று சொன்னேனா இல்லையா? நீ என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. "உனுக்குத்தான் கண்ணே தெரியலயேம்மா, நீ மொதல்ல போய் ஆபரேஷன் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கரும்பைக் கடித்தாய்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பட்டாபிராம் வீட்டில் நீ தரையில் உட்கார்ந்து பேத்தியின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாயாம். உன் மாமியார் பின்னால் நின்று பார்த்தாளாம். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் அல்லவா, ஊரெல்லாம் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். "மாப்பிள்ளை, அந்த மச்சத்தோட ஓரம் ஒரே மாதிரி இல்ல, ரெண்டு மூணு கலரா இருக்கு, நாளைக்கே காட்டிருங்க" என்றாளாம். மறுநாளே போனாய். நான் இரண்டு பண்டிகையாகச் சொன்னது ஹெல்மெட்டில் உரசிப் போனது, அவள் ஒரே தடவை சொன்னது உன் காதில் ஏறியது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதை முதல்ல யார் கவனிச்சது?" என்று கேட்டார். "மை மதர்-இன்-லா, டாக்டர்" என்றாய். நானும் அந்த அறையில்தான் இருந்தேன் பாபு. கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில். அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

மெலனோமா என்றார் அந்த டாக்டர். பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர் மாதிரி இருந்தது. எனக்காகத் தமிழில் சொன்னார். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்களில் வருகிற புற்றுநோயாம். "நம்ம நெறத்துல இருக்கிறவங்களுக்கு இது ரொம்பக் குறைவும்மா. குறைவுங்கறதாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, முத்தின பிறகு வருவாங்க. தலையில முடிக்குள்ள இருந்தா இன்னும் லேட்டாகும்" என்றார். எவ்வளவு அகலம் என்று கேட்டேன். "அகலத்தை விட ஆழம்தாம்மா முக்கியம். எவ்வளவு கீழே இறங்கியிருக்குங்கிறதை வெச்சுத்தான் அடுத்து என்ன செய்யறதுன்னு சொல்லுவோம்" என்றார். உன்னுடையது கொஞ்சம் இறங்கியிருந்தது. மச்சத்தை மட்டும் எடுத்தால் போதாது, சுற்றிலும் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும், அந்தக் குழியை மூடத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், நெறி கட்டியிருக்கு என்போமே, அந்த நெறிகளில் நோய் முதலில் போய்ச் சேருவது எதுவோ அதைக் கழுத்திலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். நீ தலையை ஆட்டினாய். உன் மாமியார் கையில் பேனாவோடு என்னென்னவோ கேட்டாள். நான் உன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காதை விட்டுவிடுவார்களா என்பதுதான் என் கேள்வி. அவள்தான் அதையும் கேட்டாள்.

ஆபரேஷன் நாளைச் சொல்லாமல் விடமாட்டேன். நோயாளியுடன் இருக்க ஒரே ஒரு பாஸ்தான் கொடுப்பார்கள் என்றார்கள். நான் கையை நீட்டினேன். நீ படுக்கையிலிருந்தபடி, "அத்தைகிட்டக் குடுங்க, டாக்டர் வந்தா பேசணும்ல" என்றாய். அவளும் வாங்கிக்கொண்டாள். ஒரு பேச்சுக்காவது "நீங்க இருங்க சம்பந்தி" என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் கீழே வந்து வாசலில் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து, "இன்னா ஆயா, யாரு உள்ள?" என்றான். "எம் புள்ள" என்றேன். "அப்போ மேல யாரு கீறாங்க?" என்றான். "அவன் மாமியாரு" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, சீட்டு மாறிப் போச்சா?" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தான். நீ இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள். உன் மகளுக்கு நாளை கல்யாணமாகி அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால், அவள் புருஷன் வீட்டார் எத்தனை பேர் நின்றாலும் ஸ்டெல்லாவின் கையில் பாஸைக் கொடு. இங்கிலீஷ் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கொடு.

எடுத்த நெறியில் நோய் இல்லை என்று வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் ஒன்று சொன்னார். "செக்கப்புக்கு வந்துட்டே இருக்கணும். அது மட்டும் போதாது. மாசம் ஒரு தடவை வீட்ல ஒருத்தர் தலை முழுக்க முடியை விலக்கிப் பாக்கணும். காதுக்குப் பின்னாடி, கழுத்து ரெண்டு பக்கமும் விரலால தடவிப் பாக்கணும். புதுசா ஏதாவது தட்டுப்பட்டா அன்னைக்கே வரணும். யார் செய்வீங்க?" நான் "நான்" என்று சொல்ல வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். "அத்தை பாத்துப்பாங்க டாக்டர். அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது." ஸ்டெல்லாவை யாரும் கேட்கவில்லை, அவளுக்குத் தழும்பைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, அது ஊருக்குத் தெரியும். டாக்டர் உன் மாமியாரைப் பார்த்து, எங்கே எப்படித் தடவ வேண்டும் என்று உன் கழுத்திலேயே சொல்லிக் கொடுத்தார். தன் மகன் கழுத்தை வைத்து இன்னொருத்திக்கு வகுப்பெடுப்பதை ஒரு தாய் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாள் என்று வைத்துக்கொள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் குனிந்து குனிந்து சட்டைப் பிசிர் வெட்டி உன்னைப் படிக்கவைத்த கண் அது. அதைத்தான் நீ அந்த அறையில் எல்லோருக்கும் முன்னால் சரியில்லை என்றாய்.

நான் பேன் பார்த்த தலைகளை வரிசையாக வைத்தால் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் வரும் எனக்கு. வகிடு வகிடாக எடுத்து, ஒன்று முடித்து அடுத்ததைத் தொடுவேன். அவள் உன் தலையை டார்ச் லைட் அடித்துப் பார்க்கிறாளாம். ஸ்டெல்லா போட்டோ அனுப்பினாள், நீ சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தாய். அந்தப் போட்டோவை நான் அழித்துவிட்டேன். மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கி, மறுபடியும் அழித்தேன்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று நீ அம்பத்தூர் வந்தாய். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்தபடியே என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாய். எத்தனை வருஷத்துக்குப் பிறகு. அம்மாவுக்குக் கண் தெரியாதே தவிர, விரல் தெரியும். தாடைக்குக் கீழே, காதுக்குச் சற்று முன்னால், ஒரு புளியங்கொட்டை. தள்ளினால் நழுவவில்லை. இந்தப் பக்கம் தடவினேன், அந்தப் பக்கம் தடவினேன். அந்தப் பக்கம் இல்லை. உன்னை எழுப்பவில்லை. எழுப்பினால் என்ன சொல்வாய் என்று தெரியும். பல்லு வலி, நெறி கட்டியிருக்கு, ரெண்டு நாளில் போய்விடும் என்பாய். அதற்கு மேல் பேசினால் கண் ஆபரேஷன் என்பாய். நீ பட்டாபிராமுக்கு ரயில் ஏறுகிற வரைக்கும் சிரித்த முகமாக இருந்தேன். பிறகு உன் மாமியாருக்கு நானாகவே போன் செய்தேன். உனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானாக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எதிர்முனையில் அவளுக்குப் பயமே வந்துவிட்டது.

"என்ன சம்பந்தி, யாருக்கு என்ன?"

"டீச்சர், நீங்க இந்த மாசம் அவன் கழுத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. முதல் ஞாயிறே பாத்தேன். ஒண்ணுமில்ல."

"வலது பக்கம், தாடைக்குக் கீழ?"

"ஒண்ணும் படலையே."

"இன்னைக்கு எங் கையில பட்டுச்சு. நாளைக்குக் காலைல அவன் வேலைக்குப் போறதுக்குள்ள ஏதாச்சும் சாக்கு சொல்லி இன்னொரு தபா பாருங்க."

போனை வைத்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? சாமி படத்துக்கு முன்னால் நின்று, அவள் சொன்னது சரியாக இருக்க வேண்டும், என் விரல் பொய்யாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நான் கும்பிட்டது அந்த ஒரு தடவைதான். சாமி கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். அவள் குரலில் டீச்சர் இல்லை. "இருக்கு சம்பந்தி. நீங்க சொன்ன எடத்துலயே இருக்கு. எனக்கு எப்படித் தப்பிச்சதுன்னு தெரியல. மாப்பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள். அப்போதுதான் அதைச் செய்தேன். "நான் சொன்னா பொங்கல் வரைக்கும் போக மாட்டான். நீங்க சொன்னா நாளைக்கே போவான். நீங்களே கண்டுபுடிச்சதா சொல்லுங்க. எம் பேரு வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றேன். "எங்க பைபிள்ல சத்தியம் பண்ணக் கூடாதுன்னு இருக்கு சம்பந்தி. வாக்குக் கொடுக்கறேன்" என்றாள். நீ மறுநாளே போனாய். நான் நினைத்தது போலவே. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்ததா, வயிறு எரிந்ததா என்று கேட்டால் இரண்டும்தான்.

கழுத்தைத் திறந்து அந்தப் பக்கத்து நெறிகளையெல்லாம் எடுத்தார்கள். அதில் நோய் இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டுகிற மருந்து இல்லையாம், உடம்பில் இருக்கிற எதிர்ப்புச் சக்தியையே தட்டி எழுப்பி நோயின் மேல் ஏவிவிடுகிற மருந்தாம். ஏவினால் அது சும்மா இருக்குமா? உன் உடம்பெல்லாம் தடித்தது, அரித்தது, வயிற்றால் போனது, தைராய்டுக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். வலது தோளைத் தூக்க முடியவில்லை, சட்டை மாட்ட இன்றைக்கும் சிரமப்படுகிறாய். காது மடல் மரத்துப்போய் இருக்கிறது, நான் தொட்டால்கூடத் தெரியாது என்கிறாய். தெரியாவிட்டால் போகட்டும், எனக்குத் தெரிந்தால் போதும். தோளுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் சோம்பல் படாமல் செய். தலை வழியாக மாட்டுகிற சட்டையைப் போடாதே, பொத்தான் வைத்ததையே போடு. வெயிலில் போகும்போது தொப்பி வை, காது மறைகிற தொப்பியாக வை.

மருந்து ஏற்றுகிற இடத்தில் பாரிவாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவாரே, நினைவிருக்கிறதா? அவருக்கு மேல் அண்ணத்தில் கருப்பாக வந்ததாம், வெற்றிலைக் கறை என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாராம். வாய்க்குள் வருகிறது இன்னும் பொல்லாதது என்று டாக்டர் சொன்னார். உனக்கு ஏற்றிய அதே மருந்தைத்தான் அவருக்கும் ஏற்றினார்கள். அவர் உடம்புக்குக் கேட்கவில்லை. உன் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்த அன்று, வெளியே பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். "உங்க புள்ளைக்கு நல்லாயிடுச்சாமே" என்று சொல்லி என்னைப் பார்த்தாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்தப் பார்வையை நான் தெரிந்துகொண்டேன். கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வை. என் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். டாக்டர் உன்னிடம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். இப்போ இல்லைன்னு சொல்றேன். இந்த மருந்து வர்றதுக்கு முன்னாடி இந்த அளவுக்குக்கூடச் சொல்ல முடியாது. திரும்பி வரலாம், வராமலே போகலாம், பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார். பொய் சொல்லாத மனுஷன். அந்த 'பாத்துக்கிட்டே இருப்போம்' என்பதில்தான் என் வேலை இருக்கிறது, தெரிகிறதா?

அந்த ஸ்கேனுக்காகப் பட்டாபிராம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். மொட்டை மாடியில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, பாஸ்டர், பாட்டு. ஒவ்வொருவராக எழுந்து கடவுள் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொன்னார்கள். நான் நெற்றியில் குங்குமத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்தாய். நீ நம் சாமியைக் கும்பிடுகிறவன்தான், ஆனாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று எழுந்தாய், அதில் எனக்குக் குறையில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வாட்டி என் உயிரக் காப்பாத்துனது எங்க அத்தையோட கைதான்" என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் என் தொடையைத் தட்டி, "குடுத்து வெச்சவங்க நீங்க, இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைக்கும்" என்றாள். நான் உன் மாமியாரைப் பார்த்தேன். எழுந்திருப்பாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாளாம். நான் சொல்லாதே என்று சொன்னால் சொல்லாமலேயே இருந்துவிடுவதா? பொம்பளைக்குப் பொம்பளை இது தெரிய வேண்டாமா? பிரியாணி நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி அம்பத்தூர் வந்து சேர்ந்தேன். நீ போன் செய்தபோது தலைவலி என்றேன். அது தலைவலி இல்லை.

அதற்கு அடுத்த வாரம் நான் கண் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஒரு கண் முடிந்து, கொஞ்ச நாள் விட்டு மற்ற கண். எத்தனை வருஷமாகப் பயந்து தள்ளிப்போட்டது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன், உனக்குச் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு வீடியோ காலில் வந்தபோது நீ, "இன்னாம்மா, ஸ்டைலு?" என்றாய், கண்ணில் தூசி என்றேன். கட்டைப் பிரித்த பிறகு முதலில் கண்ணில் பட்டது எங்கள் சமையலறைச் சுவர். இத்தனை எண்ணெய்ப் பிசுக்கோடா நான் உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சோறு போட்டேன் என்று வெட்கமாகிவிட்டது. அடுத்து என் கை. இவ்வளவு சுருக்கம் எப்போது விழுந்தது? பிறகு இந்த நோட்டின் கோடு, அதில் என் எழுத்து. கோணலாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரிகிறது. அரிசியில் கல் தெரிகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிகிறது. இனிமேல் எந்த டாக்டர் முன்னாலும் அம்மாவுக்குக் கண் தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

எப்படியோ தெரிந்து, மனசு கேட்காமல் உன் மாமியார் வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாளா, கோயிலில் பார்த்த யாரிடமோ சொல்லி, அது பட்டாபிராம் வரை போய்விட்டது. கையில் சாத்துக்குடியோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். புதுக் கண்ணால் அவளைப் பார்த்தேன். என்னைவிட இளையவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு பை. நான் எதற்கு ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று நான் சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் அல்லவா.

"அந்த வேலைய நீங்க எடுத்துக்கங்க சம்பந்தி" என்றாள்.

"ஏன், கை தட்டுனாங்களே, பத்தலையா?" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அந்தக் கைத்தட்டல் எனக்குச் செருப்படி மாதிரி இருந்துச்சு. நானா கண்டுபுடிச்சேன்? என் கையிலதான தப்பிச்சுது. முதல் ஞாயிறு வருதுன்னாலே அந்த வாரம் பூரா எனக்குத் தூக்கம் இல்ல. சோறு இறங்கல. மாப்பிள்ளை வந்து குனிஞ்சு உக்காருவாரு, என் பயம் அவருக்குத் தெரியக் கூடாதுன்னு பேத்திகிட்ட ஏதாவது பேசிட்டே தடவுவேன். ஒண்ணுமில்ல மாப்பிள்ளைன்னு சொல்லிட்டு பாத்ரூமுக்குப் போயி அழுவேன். ஒண்ணுமில்லையா, இல்ல எனக்குத்தான் தெரியலையா? சொல்லுங்க சம்பந்தி. நான் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன். அடுத்த கூட்டத்துல எழுந்து நின்னு சொல்றேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எம் புள்ளைகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றேன். அதையும் அவளுக்கு விட்டுக்கொடுப்பேனா?

அவள் போன பிறகு அந்தச் சாத்துக்குடியை உரித்துக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். உன் மாமியார் பாஸை வாங்கினாள், பொறுத்துக்கொண்டேன். பெயரை வாங்கினாள், நானே கொடுத்தேன். கைத்தட்டலை வாங்கினாள், அது போகட்டும். ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் கிடக்கிறாளே, சோறு இறங்காமல் இருக்கிறாளே, உன் கழுத்தில் விரலை வைக்கும்போது நெஞ்சு நின்று நின்று அடிக்கிறதே, அதையுமா அவள் வாங்கிக்கொள்வது? அது யாருடையது? உன்னைப் பெற்றவளுடையது. அந்தப் பயத்தை இத்தனை நாள் அவள் அனுபவித்திருக்கிறாள், நான் டார்ச் லைட்டுக்காகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது பொறாமை அந்தப் பயத்தின் மேல்தான். அதை என்னிடம் திருப்பிக் கொடு.

எனக்கு ஒருவேளை மறுபடியும் ஏதாவது தட்டுப்பட்டால் என்ன செய்வேன் என்று நீ யோசிப்பாய். அழமாட்டேன். அன்றைக்கே உன்னை ஆட்டோவில் ஏற்றி அந்த டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்துவேன். யார் முதலில் பார்த்தது என்று அவர் கேட்டால், பதில் சொல்ல உன்னை விடமாட்டேன். ஒன்றும் தட்டுப்படாவிட்டால் உனக்கு மீன் குழம்பு. ஸ்டெல்லாவையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. டீச்சரையும் வரச் சொல். நான் பார்த்து முடித்த பிறகு அவளும் ஒரு தடவை தடவிப் பார்க்கட்டும். என் விரலில் தப்பினது அவள் விரலில் படலாம். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆனால் முதலில் நான். அவள் இரண்டாவது.

வருகிற முதல் ஞாயிறு, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வா, எண்ணெய் இருந்தால் மயிர் ஒட்டிக்கொண்டு தோல் தெரியாது. ஜன்னல் ஓரமாக மணை போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அம்மா